ஒலியை முந்தாத தோட்டா

ஜனவரி விடியற்காலையில் மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்கிவிடுவதுண்டு. புல்நுனியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். ஏப்ரல் மத்தியானத்தில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒலி இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். பூஜ்ஜியம் டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடிக்கொண்டே போய், 40 டிகிரியில் 355 மீட்டர். வித்தியாசம் 24 மீட்டர்.

இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யப்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். பாலக்காட்டு வெயிலில் அது ஒலிக்கு 25 மீட்டர் பின்னால் நிதானமாகப் போகும். மூணாற்று உறைபனியில் அதே குண்டு ஒலியின் விளிம்பில் உரசிக்கொண்டு போகும். வெறும் கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. 50 மீட்டர் தள்ளி வைத்த காகிதத்தில் தெரியும். பாலக்காடு, இடுக்கி எல்லையோரங்களில் துப்பாக்கிச் சுடுதலைப் பழக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்கிற முதல் கேள்வி "எந்தத் தோட்டா வாங்கலாம்?" என்பது. வேகமும் பலமும் அதிகமுள்ள தோட்டாதான் நல்ல தோட்டா என்ற எண்ணம் அந்தக் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும். இந்த அத்தியாயம் அந்த எண்ணத்தைக் கலைப்பதற்காக எழுதப்படுகிறது.

.22 லாங் ரைஃபிள், ரிம்ஃபயர் வகைத் தோட்டா. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மெல்லிய பித்தளைக் கூடு, அதன் நுனியில் ஒரு ஈயக் குண்டு, அடியில் வெளியே பிதுங்கிய ஒரு வட்ட விளிம்பு. அந்த விளிம்பு உள்ளே வெற்றிடமானது. தொழிற்சாலையில் கூட்டை வேகமாகச் சுழற்றி, தட்டினால் பற்றும் ரசாயனத்தை ஈரப்பதத்தோடு அந்த விளிம்பின் உட்பக்கம் முழுக்கப் பரவவிடுகிறார்கள். காய்ந்ததும் வெடிமருந்து, அதன் மேல் குண்டு. விசையை இழுத்தால் துப்பாக்கியின் ஊசி விளிம்பின் ஓரிடத்தை நசுக்குகிறது. உள்ளே இருக்கும் ரசாயனம் பொறி தட்டி மருந்தைக் கொளுத்துகிறது. பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் இதற்கென நடுவில் தனியாக ஒரு கேப் இருக்கும். ரிம்ஃபயரில் கூடே கேப், கேப்பே கூடு.

இந்த அமைப்பின் நன்மையும் குறையும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. ஊசி நசுக்கும்படி விளிம்பு மெலிதாக இருந்தாக வேண்டும். மெலிதாக இருந்தால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. .22 லாங் ரைஃபிளுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. நடுவில் கேப் வைத்த ராணுவ வகை ரைஃபிள் தோட்டாக்கள் 60,000 வரை போகும். ஆக, ரிம்ஃபயர் என்றாலே சிறிய தோட்டாதான். அதை எவ்வளவு முறுக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் போகாது. விளிம்பு ஒரு முறை நசுங்கிவிட்டால் அந்தக் கூட்டை மறுபடி நிரப்பவும் முடியாது. பெரிய தோட்டாக்காரர்கள் சுட்ட கூட்டை எடுத்து, மருந்தைத் தாங்களே தராசில் நிறுத்துப் போட்டுத் துல்லியத்தைக் கூட்டிக்கொள்வார்கள். ரிம்ஃபயர் சுடுபவருக்கு அந்த வழி கிடையாது. பெட்டியில் என்ன வருகிறதோ அதுதான். தேர்வு இவ்வளவு முக்கியமாகிவிடுவது இதனால்தான்.

1845-இல் பிரான்சின் லூயி நிக்கோலா ஃப்ளோபேர், கேப்பிலேயே ஒரு சின்ன ஈய உருண்டையைச் செருகி, வீட்டுக் கூடத்துக்குள் சுட்டுப் பழகுவதற்காகச் செய்த பொருள்தான் இதன் மூதாதை. அதில் மருந்தே கிடையாது. கேப்பின் பொறி மட்டும் குண்டைத் தள்ளியது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தங்கள் ரிவால்வருக்காக .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அதைவிடச் சற்று நீளமான கூட்டில் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் எடையுள்ள குண்டைப் பொருத்தியது. அதுதான் .22 லாங் ரைஃபிள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அளவுகள் மாறவில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து 25 மீட்டர் தூரத்துக் காகிதத்தைப் படுத்துக்கொண்டு சுட்டவர்களுக்கு அது பழைய சிநேகிதம். இந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் முதன்முதலில் தோளில் வைத்த துப்பாக்கி அந்த .22 டீலக்ஸ் ரைஃபிள்தான்.

அதன் பிறகு வந்தவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .22 மேக்னம், அதே எடைக் குண்டை நொடிக்கு 580 மீட்டர் அளவில் அனுப்புகிறது. 2002-இல் ஹார்னடி நிறுவனம் அந்த மேக்னம் கூட்டின் கழுத்தைக் குறுக்கி .17 எச்.எம்.ஆர். செய்தது. 1.1 கிராம்தான் குண்டு. வேகமோ நொடிக்கு 770 மீட்டரைத் தாண்டும். ஒலியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெயரில் .22 இருக்கிறதே என்று மேக்னத்தையும் லாங் ரைஃபிளையும் மாற்றிப் போட நினைக்கக் கூடாது. மேக்னத்தின் கூடு அகலமானது. அதன் அறையில் லாங் ரைஃபிள் தோட்டா லொடலொடவென்று உட்காரும். சுட்டால் கூடு பிளந்து சூடான வாயு பின்னால் பாயும்.

இந்தத் தோட்டாக்களைப் பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் "இலக்குக்கும் சிறு வேட்டைக்கும்" என்று இரண்டும் சேர்ந்தே வரும். அங்கே முயல், அணில், புறா என்று அனுமதிக்கப்பட்ட விலங்குகளும் பறவைகளும் உண்டு. அந்தப் பக்கங்களை இங்கே அப்படியே படிப்பது ஆபத்து. நம் மலைகளில் அந்த இரண்டாவது பாதி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முடிந்துவிட்டது.

முடிவதற்கு முன் அது இங்கே பெரிய கலாசாரமாகவே இருந்தது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு வேட்டைதான் ஞாயிற்றுக்கிழமை. மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் சுவர்களில் அந்தக் காலத்துக் கொம்புகளும் தலைகளும் தொங்குகின்றன. ஆனால் வேட்டைக்காரர்களே சங்கம் வைத்து, எதை எப்போது சுடலாம் என்று கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். 1928 முதல் இரவிகுளம் பீடபூமியை அந்தச் சங்கம்தான் பராமரித்தது. முதுவர் குடியைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருந்தார்கள். வேட்டைக்காகக் காக்கப்பட்ட அந்தப் புல்வெளியில் வரையாடு பிழைத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. தெற்கே திருவிதாங்கூர் அரசு 1934-இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அறிவித்திருந்தது; இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம் அது. பாலக்காட்டு மலைகளில் பரம்பிக்குளமும் அமைதிப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன.

அந்த 1972 சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமில்லை. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், துரத்துவதும், அதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டைதான். குழிமுயல், சாம்பல் காட்டுக்கோழி, சருகுமான், மலையணில் எல்லாம் அந்தச் சட்டத்தின் காவலில் இருப்பவை. தோட்டத்தில் தன் சொந்த நிலத்தில் நின்று சுட்டாலும் குற்றம் குற்றமே. உரிமம் உள்ள துப்பாக்கி என்பதால் அது குறையாது. காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் அப்படியே. இதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஏலத்தோட்டத்து ஓரத்தில் காட்டுக்கோழி இன்னும் கூவுகிறதென்றால் அந்தச் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

காட்டுப்பன்றி வேறு கதை. எல்லையோரக் கிராமங்களில் மரவள்ளியும் வாழையும் நெல்லும் ஒரே இரவில் உழுது போடப்படுகின்றன. சித்தூர் வட்டத்து விவசாயிக்கும் உடும்பஞ்சோலைத் தோட்டக்காரருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 2022 மே மாதம் கேரள அரசு, குடியிருப்புகளிலும் விளைநிலங்களிலும் தொல்லை தரும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் அந்த உத்தரவின்படி சுடலாம். விஷமும் வெடியும் மின்வேலியும் கூடாது. "அப்படியானால் .22 வாங்கிப் போட்டால் பழகவும் ஆச்சு, பன்றிக்கும் ஆச்சு" என்ற கணக்கு அடுத்ததாக எழும். அந்தக் கணக்கு தவறு. எவ்வளவு தவறு என்பதை ஜூலில் சொல்லலாம்.

2.6 கிராம் குண்டு, நொடிக்கு 330 மீட்டர்: ஆற்றல் சுமார் 140 ஜூல். வேகமான வகை லாங் ரைஃபிள் என்றால் 190. மேக்னம் 430 அளவுக்கு வரும், .17 எச்.எம்.ஆர். 330. இங்கே பன்றி சுடும் குழுக்கள் வழக்கமாக எடுத்துப்போவது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். அதில் பெரிய ரவை போட்ட ஒரு தோட்டா 2,000 ஜூலுக்கு மேல் சுமந்து வரும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த தோலும் கொழுப்பும் கவசம் மாதிரி இருக்கிறது, மண்டையோடு கனமானது. 140 ஜூல் அதைச் சாகடிக்காமல் காயப்படுத்தும். காயப்பட்ட பன்றி புதருக்குள் போய்ப் பல நாள் கழித்துச் சாகும், அல்லது மறுநாள் காலை கொழுந்து பறிக்க வரும் பெண்கள் மீது பாயும். 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் பன்றிக்காக வைத்த வெடியைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்தது நாட்டையே உலுக்கியது. பொருந்தாத ஆயுதத்தைக் கொண்டு விலங்கைத் தடுக்கப் போவதன் கொடுமை அதுதான். சிறிய தோட்டாவால் பெரிய விலங்கைச் சுடுவதும் அந்த வரிசையில்தான் சேரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறிய தோட்டா என்பதால் அருகிலேயே விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சரியான கோணத்தில் சுட்டால் .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். ஈயக் குண்டு தண்ணீரிலும் பாறையிலும் பட்டுத் தெறிக்கும். தேயிலை மலையில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் நடுவில் லயங்கள் இருக்கின்றன, பாதை இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடவே கூடாது.

எனவே எல்லையோரத்தில் ரிம்ஃபயரின் வேலை ஒன்றே ஒன்று: காகிதத்தில் ஓட்டை போடுவது. அந்த வேலை எளிதானதில்லை. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றாரே, அந்த மூன்று நிலைகளிலும் மண்டியிட்டு, படுத்து, நின்று அவர் குறிவைத்தது அந்தப் பொத்தானைத்தான். அந்தப் போட்டியில் இந்தியா வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதற்கு வந்திருந்த உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் எல்லோரும் போட்டது 1887-இன் தோட்டாவைத்தான், அதுவும் அதன் வேகம் குறைந்த வடிவத்தை.

ஏன் வேகம் குறைந்தது? ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென்று ஏறும். குண்டின் மூக்கிலும் தோளிலும் காற்று அங்கங்கே ஒலி வேகத்தைத் தாண்டி, அதிர்வலைகள் உண்டாகி, அவை குண்டின் மேல் முன்னும் பின்னுமாக நகரும். ஒலி வேகத்தின் 0.9 மடங்கிலிருந்து 1.2 மடங்கு வரையுள்ள இந்தப் பகுதியில் குண்டின் ஆட்டத்தைக் கணிப்பது கடினம். வேக வகைத் தோட்டா நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பி, ஐம்பது மீட்டருக்குள்ளேயே ஒலிக்குப் பக்கத்தில் இறங்கி வந்துவிடும். அதாவது பயணம் முழுக்கக் கலவரப் பகுதியில். போட்டித் தோட்டா அந்தப் பகுதியின் கீழ்ப்படியிலேயே கிளம்பி, போகப் போக அமைதியான பக்கம் இறங்குகிறது.

தடை ஏறுவதால் இன்னொரு விளைவு உண்டு. அதை முதன்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதைப் பொறுத்தது இல்லை. தடையே இல்லாமல் போயிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமானது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். போட்டித் தோட்டா 50 மீட்டருக்கு எடுத்துக்கொள்வது சுமார் 0.157 நொடி, அதில் தடையால் வந்த தாமதம் 0.006 நொடி அளவு. வேக வகை சீக்கிரம் போய்ச் சேர்கிறது, ஆனால் தடை அதிகமாதலால் தாமதம் 0.009 நொடிக்கு ஏறிவிடுகிறது. நொடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்றில் முதலாவது இரண்டரைச் சென்டிமீட்டர் நகரும், இரண்டாவது மூன்றரை. வேகமான குண்டைத்தான் காற்று அதிகம் தள்ளுகிறது.

இந்த விதி .17 எச்.எம்.ஆருக்கும் பொருந்தும்; அது ஒலிக்கு வெகுமேலே, கலவரப் பகுதிக்கு அந்தப் பக்கம் பறப்பதால் அதன் விலகல் போட்டித் தோட்டாவினதைவிடச் சற்றுக் குறைவு. காற்றுக் கணக்கு மட்டும் பார்த்தால் அது கெட்டிக்காரத் தோட்டா. ஆனால் சர்வதேச 50 மீட்டர் போட்டியின் விதி 5.6 மில்லிமீட்டர் லாங் ரைஃபிளை மட்டும்தான் ஏற்கிறது. மேக்னத்துக்கும் அங்கே இடம் கிடையாது. பழகுவதற்கு ஒரு தோட்டா, போட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. தோளும் விரலும் மூச்சும் ஒரே துப்பாக்கிக்குப் பழக வேண்டும். எல்லையோரத்தில் சுடத் தொடங்குபவருக்கு என் பதில் அதனால் சந்தேகமில்லாமல் .22 லாங் ரைஃபிள், ஒலிக்குக் கீழே போகும் வகை.

இனி இந்த மண்ணின் காற்றைப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த இரண்டு மாவட்டங்களும் காற்றுக்குப் பேர்போனவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து மழைக்காலக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் அதே கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று எதிர்த்திசையில் அடிக்கும். கஞ்சிக்கோட்டிலும் வாளையாற்றிலும் உதடு வெடிக்கும். இடுக்கிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டில் குடை பிடிக்க முடியாது. நொடிக்கு 4 மீட்டர் என்று நான் கணக்குக்குப் போட்ட காற்று இந்த இடங்களில் சாதாரணத் தென்றல்.

வடக்குப் பார்த்த சுடுதளத்தில் பாலக்காட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தை மாதக் காற்று வலப்பக்கமிருந்து வருகிறது. குண்டு இடப்பக்கம் நகரும். ஆனால் நேர் இடமாக நகராது. .22 குழலின் உட்புரிகள் பொதுவாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று, வலஞ்சுழியாக வெட்டப்பட்டிருக்கும். குண்டு நொடிக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு போகிறது. சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது செங்குத்தான இன்னொரு பக்கமும் சாயும். அதனால் வலக்காற்றில் ஓட்டை இடப்பக்கம் சற்று மேலே விழும். ஆடி மாதம் அதே இடத்தில் மேற்குக் காற்றில் வலப்பக்கம் சற்றுக் கீழே. பருவத்துக்குப் பருவம் பிழையின் திசை இப்படிச் சாய்கோட்டில் புரண்டு வருவதைச் சுடுதளக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார். மற்றவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள்.

மலைக்கு ஏறினால் கணக்கில் இரண்டு விஷயங்கள் எதிரும் புதிருமாக நிற்கும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. பூஜ்ஜியம் டிகிரிக் குளிரிலும்கூட அங்குள்ள காற்று பாலக்காட்டு வெயில் காற்றைவிடச் சற்று லேசாகவே இருக்கும். அது தடையைக் குறைக்கும். ஆனால் முதலில் சொன்ன ஒலிக் கணக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 330 மீட்டர் குண்டு பாலக்காட்டில் ஒலியின் 0.93 மடங்கு, மூணாற்று உறைபனியில் கிட்டத்தட்ட 1. தடையைக் கணக்கிட அளவுகோலாக வைக்கப்படும் திட்டக் குண்டின் அட்டவணைப்படி அந்த இடைவெளியில் தடைக்கெழு கால் பங்கு ஏறிவிடும். லேசான காற்றின் சலுகை சில விழுக்காடுதான், ஏற்றம் ஜெயித்துவிடும். குளிரில் வெடிமருந்தும் சற்று மந்தமாக எரிந்து வேகத்தைக் குறைக்கும் என்பது ஒரு சிறு ஆறுதல். மலையில் பழகுபவர் ஒலிக்குக் கீழே போகும் தோட்டாக்களிலும் மிதமானதைத் தேட வேண்டும். வெயில் ஏறி பத்து மணியானபின் சுட்டால் இன்னும் நல்லது. சமவெளியில் தங்கம் மாதிரி சுட்ட தோட்டா மலையில் ஏமாற்றினால் அதற்குக் காரணம் உண்டு என்பது தெரிந்திருக்கட்டும்.

வேகத்தின் அளவைவிட முக்கியம் வேகத்தின் ஒழுங்கு. 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் விழுகிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் வீழ்ச்சியில் 7 மில்லிமீட்டர் மாறும். பத்தாம் வட்டமே 10.4 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுபவர் ஒரு தவறும் செய்யாமலே வட்டத்தின் பெரும்பகுதி போய்விட்டது. விளிம்பில் ரசாயனம் சமமாகப் படிந்ததா, மருந்து ஒரே அளவா, குண்டைக் கூடு ஒரே இறுக்கத்தில் பிடித்திருக்கிறதா, விளிம்பின் தடிமன் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் விலை உயர்ந்த தோட்டாவுக்கும் மலிவுத் தோட்டாவுக்கும் உள்ள வேறுபாடு. இங்கிலாந்தின் எலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, ஜெர்மனியின் ஷோன்பெக்கில் தயாராகும் லாபுவா வகைகள் போட்டியாளர்கள் தேடிப்போகும் பெயர்கள். உள்நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் .22 தோட்டா விலையில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. முதல் சில ஆண்டுப் பயிற்சிக்கு அது போதும் என்பது என் கருத்து. மூச்சும் விசையிழுப்பும் பிடிபடாதவர் கையில் டெனெக்ஸும் அதே ஓட்டையைத்தான் போடும்.

தோட்டாவுக்கு முன்னால் உரிமம். 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள் ஆகியவற்றின்படி .22-க்கு உரிமம் கட்டாயம். எவ்வளவு தோட்டா வாங்கலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும். எல்லையோரத்தவர்கள் கவனிக்க வேண்டிய வரி, உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பது. கேரளத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர்ச் சுடுதளத்துக்கோ, போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கமோ துப்பாக்கியைக் கொண்டுபோனால் குற்றமாகிவிடும். பத்து நிமிடப் பயணம் என்பது சட்டத்துக்குத் தெரியாது. மாவட்ட ரைஃபிள் சங்கத்தில் சேர்ந்து, சங்கத் துப்பாக்கியில் சங்கத் தளத்தில் தொடங்குவதே நேர்வழி. சிறுவர்களுக்கு 10 மீட்டர் காற்று ரைஃபிள் இன்னும் நல்ல தொடக்கம்: 4.5 மில்லிமீட்டர், எட்டு ஜூல் அளவு ஆற்றல், காற்றும் குளிரும் நுழையாத மூடிய கூடம். 2015 தேசிய விளையாட்டுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் அமைந்த தளம் மாதிரி ஒன்று மலையோரப் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வாங்கிய தோட்டாவை வைத்துக் காப்பதும் தேர்வின் ஒரு பகுதி. லாங் ரைஃபிள் குண்டின் மெழுகுப் பூச்சு கூட்டுக்கு வெளியே இருக்கிறது. வேறு பெரும்பாலான தோட்டாக்களில் குண்டின் உடல் கூட்டுக்குள் மறைந்திருக்கும். இதில் அடிப்பகுதி மட்டும்தான் உள்ளே. சட்டைப்பையில் சில்லறையோடு போட்டால் மெழுகில் தூசி ஒட்டி, அது குழலுக்குள் போய்ச் சேரும். இடுக்கி மழையில் மாதக்கணக்கில் வெளியே வைத்தால் ஈயத்தில் வெண்மாவு பூக்கும், விளிம்பில் ஈரம் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். பயிற்சியில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். பிறகு வெளியே எடுத்து, தளப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

கடைசியாக, பெயரை வைத்து வாங்காமல் தொகுதி எண்ணை வைத்து வாங்கும் பழக்கம். ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே விலை. இருந்தும் வெவ்வேறு நாளில் தயாரான இரண்டு தொகுதிகள் ஒரே குழலில் வெவ்வேறு மாதிரி சுடும். மருந்து எரியும்போது குழல் மெல்ல மேலும் கீழுமாக அதிரும்; குண்டு வெளியேறும் கணத்தில் குழல் எந்தப் பக்கம் அசைந்துகொண்டிருக்கிறது என்பது அந்தத் தொகுதியின் வேகத்தைப் பொறுத்தது. நல்ல பொருத்தம் அமைந்தால், மெதுவான குண்டு குழல் சற்று ஏறியிருக்கும்போது வெளியேறி, தன் அதிக வீழ்ச்சியைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. குழலைக் கொண்டுபோய்ப் பிடிப்பானில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். இங்கே வசதிப்பட்டது இதுதான்: காற்றில்லாத விடியலில், துப்பாக்கியை மணல்மூட்டை மேல் சாய்த்து, நாலைந்து தொகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் பத்துத் தோட்டாவை ஒரே காகிதத்தில் சுட்டு, அந்தப் பத்து ஓட்டைகளின் பரவலை அளந்து எழுதுங்கள். ஒரு முறை சுட்டதை நம்பாமல் வேறொரு நாளும் செய்து பாருங்கள். பரவல் குறைந்த தொகுதியில், உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி வைத்து, பெட்டியின் மேல் தேதியையும் அன்றைய வெப்பநிலையையும் குறித்துவிடுங்கள். அந்தத் தொகுதி தீர்ந்ததும் சோதனை மறுபடி முதலிலிருந்து.